தேங்காய் எண்ணெய் உறையும் ஊரில் பேண்டும் பள்ளிப் பத்திரிகையும்

தில்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்த பிறகுதான் தலைக்கு எண்ணெய் கிடைக்கும். இது இங்கே குடியிருக்கும் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். அதே எண்ணெயைப் பள்ளி பேண்டின் டிரம்பெட்டில், விரலால் அழுத்தும் வால்வில் இரண்டு சொட்டு விடக் கூடாது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. வால்வு ஆயில் தீர்ந்துபோயிருக்கும். வாங்கி வர நேரம் இருக்காது. யாராவது ஒரு பிள்ளை வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் எண்ணெய் கொண்டுவரும். நவம்பர் மதியத்தில் வால்வு வழுக்கிக்கொண்டு இறங்கும், ஏறும். ஜனவரி 26 காலை ஏழரை மணிக்கு மைதானத்தில் நின்று அழுத்தினால், இறங்கிய வால்வு மேலே வராது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடும். அந்த நேரத்துத் தில்லி மைதானத்தில் ஏழெட்டு டிகிரி இருந்தால் பெரிது. தையல் மெஷின் எண்ணெயும் இதற்கு மாற்று இல்லை. உறையாது, ஆனால் குளிரில் தடித்து வால்வை மந்தமாக்கும். வால்வு ஆயில் என்று விற்பதைத்தான் விட வேண்டும். ஒரு பாட்டில் பல மாதம் வரும்.

மறுவாரம் வருகிற பள்ளிப் பத்திரிகையில் இந்த எண்ணெய் விவகாரம் எதுவும் இருக்காது. ‘மாணவர்களின் பேண்ட் இசை அனைவரையும் கவர்ந்தது. விழா இனிதே நிறைவுற்றது’ என்றுதான் இருக்கும். இந்த வரியை எழுத மைதானத்துக்கே போக வேண்டாம். போன வருட இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை மாற்றினால் போதும். ‘இனிதே’ என்ற சொல்லைப் பள்ளிப் பத்திரிகைகளில் ஐந்து வருடத்துக்குத் தடை செய்தால் தமிழ் உரைநடைக்கு நல்லது என்பது என் கட்சி.

மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா ரோடு, மோதி பாக், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள். அங்கும், வேறு பள்ளிகளிலும் தமிழில் நாலு வரி எழுதக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்கு பக்க இதழ் ஒன்று போட அவ்வளவு பேர் போதும். பேண்டைப் பற்றி எழுதப்போகும் பிள்ளைக்கு ஒரே ஒரு நிபந்தனை: விழாவுக்கு முன்னால் இரண்டு ஒத்திகையாவது பேண்ட் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் கீழே உள்ளவை.

முதலில் கட்டை, அதாவது சுருதி அளவு. எல்லாரும் ஒரே பாட்டைத்தான் வாசிக்கிறார்கள், காதில் விழுவதோ மூன்று பாட்டு என்றால், பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் கருவிகளின் பிறவிச் சுருதியைப் பார்க்க வேண்டும். பேண்டில் வழக்கமாக இருக்கும் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஆறரைக் கட்டைக் கருவிகள். அவற்றில் ‘ஸி’ என்று எழுதியிருப்பதை ஊதினால் ஆர்மோனியத்தின் ஆறரைக் கட்டை (பி ஃபிளாட்) ஸ்வரம்தான் கேட்கும். பேண்ட் புல்லாங்குழலும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் பெல் லைராவும் ஒரு கட்டை. ஆல்டோ சாக்ஸபோன் இரண்டரை. கரும்பலகையில் ச ரி க ம என்று ஒரே வரிசை எழுதிப்போட்டு, அவரவர் கருவியில் முதலில் கற்றுக்கொண்ட வரிசையில் வாசிக்கச் சொன்னால் மூன்று சுருதியும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்காரும்.

டிரம்பெட்டும் கிளாரினெட்டும் தங்கள் ஸி மேஜரிலேயே (ஸியைச் சட்ஜமாகக் கொண்ட வரிசையிலேயே) இருக்கட்டும். புல்லாங்குழலும் பெல் லைராவும் பி ஃபிளாட் மேஜரில் வாசிக்க வேண்டும், ஆல்டோ சாக்ஸ் ஜி மேஜரில். அப்போது எல்லாம் ஒரே ஆறரைக் கட்டையில் வந்து சேரும். ஆளுக்கொரு தாள் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் வருடக்கணக்கில் உதவும். பெல் லைரா வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளுக்கு உரிய பட்டைகளும் அதில் இருக்க வேண்டும். வெள்ளைக் கட்டை ஸ்வரங்கள் மட்டும் உள்ள மலிவுக் கருவியில் பி ஃபிளாட் மேஜர் வராது. இரண்டு ஸ்வரம் குறையும்.

இன்னொன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை ஸ்வரத்தை நேராக நிறுத்தாது. கொஞ்சம் அசைத்துத்தான் விடும். தனியாகக் கேட்டால் அழகு. பக்கத்தில் மூன்று பேர் நேராக ஊதிக்கொண்டிருக்கும்போது அது பிசிறு. அதே பிள்ளையிடம் இருக்கும் தாள ஞானம் மட்டும் பேண்டுக்குப் பெரிய சொத்து. சாதாரண மார்ச்சுக்குத் தக திமி: ‘த’வுக்கு இடது கால், ‘தி’க்கு வலது கால். ஆறு-எட்டு மார்ச் வந்தால் தகிட தகிட: முதல் ‘த’வுக்கு இடது, இரண்டாவது ‘த’வுக்கு வலது. ஆறு-எட்டு என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்குவதை இந்த இரண்டு சொற்கள் அரை நிமிடத்தில் முடித்துவிடும். தகிடவைத் தகதிமிக்குள் திணித்து வாசித்தால் மார்ச் நொண்டும். அது காதுக்குத் தெரிவதற்கு முன் காலுக்குத் தெரியும்.

ஆள் கணக்கு. முன்னால் நின்று பேண்டை நடத்தும் டிரம் மேஜரைச் சேர்க்காமல் 25 பேர் என்றால் நான் பிரிப்பது இப்படி: பாஸ் டிரம் 1, சைடு டிரம் 6, டெனர் டிரம் 2, ஜால்ரா 1 ஜோடி, பெல் லைரா 2, டிரம்பெட் 5, கிளாரினெட்டும் புல்லாங்குழலும் சேர்த்து 6, யூஃபோனியம் (தாழ்ந்த சுருதிப் பித்தளைக் கருவி) 2. எல்லாருக்கும் டிரம்தான் வேண்டும் என்பார்கள். விட்டுக்கொடுத்துச் சைடு டிரம்மைப் பத்தாக ஏற்றினால் திறந்த மைதானத்தில் புல்லாங்குழல் இருப்பதே தெரியாது.

குளிருக்கு மறுபடி வருகிறேன். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், பித்தளைக் கருவியின் சுருதி இறங்கும். பெல் லைராவின் உலோகப் பட்டைகளோ குளிரில் இறங்காது. போனால் ஒரு துளி ஏறும். ஆகவே முதல் நாள் பத்து மணிக்கு ஹீட்டர் போட்ட அறையில் ஒன்றாகச் சேர்ந்த சுருதி, காலை ஏழரைக்கு வெளியே வந்ததும் இரண்டாகப் பிரியும். பெல் லைராவைத் திருகிச் சரிசெய்ய முடியாது. டிரம்பெட்டின் ஸ்லைடு என்ற இழுகுழாயைத்தான் உள்ளே தள்ள வேண்டும். அறையில் சுருதி சேர்க்கும்போதே ஸ்லைடு முழுக்க உள்ளே போயிருந்தால் மைதானத்தில் தள்ள இடம் இருக்காது. வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கோட்டுப் பையில் கைச்சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். வாசிப்பதற்கு முன் சத்தம் எழுப்பாமல் இரண்டு நிமிடம் குழாய்க்குள் வெறும் மூச்சை விட்டுச் சூடேற்ற வேண்டும். மூச்சின் ஈரம் குளிர்ந்த குழாயில் நீராகச் சேர்ந்து கொடகொட என்று சத்தம் வரும். வாட்டர் கீ என்ற சிறு மூடியைத் திறந்து ஊதி வெளியேற்றுவது டிரம் மேஜர் கைகாட்டும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நவம்பரில் காற்று மாசு ஏறி வெளி விளையாட்டுகளை நிறுத்தும் நாட்களில் ஊதும் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தவே கூடாது. அந்த வாரங்களில் அறைக்குள் மவுத்பீஸ் பயிற்சி, டிரம்காரர்களுக்கு ரப்பர் பாய்மேல் குச்சிப் பயிற்சி, வராந்தாவில் கதம் தால், அதாவது நின்ற இடத்திலேயே கால் போடுவது. ஒத்திகை அட்டவணை போடும்போதே நவம்பரில் பாதி நாள் வெளியே போக முடியாது என்று வைத்துக்கொண்டால் பின்னால் பதற வேண்டாம்.

நடை. பேண்ட் மாஸ்டர் பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார்; கட்டளை எல்லாம் இந்தியில்: சாவதான் (நேராக நில்), தேஸ் சல் (விரைந்து நட), கதம் தால், தம் (நில்). வேகம் நிமிடத்துக்கு 116 முதல் 120 அடி. பாஸ் டிரம்மின் பலமான அடி இடது காலுக்கு. ‘பின்வரிசைப் பிள்ளைகள் கவனமில்லாமல் கால் மாறிவிட்டார்கள்’ என்று எல்லா வருடமும் ஒரு புகார் வரும். அவர்கள் கவனமாகத்தான் இருந்திருப்பார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பாஸ் டிரம் முன்னால் இருந்து, அணிவகுப்பின் கடைசி வரிசை 34 மீட்டர் பின்னால் இருந்தால், அடி அங்கே போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். 120 வேகத்தில் ஒரு அடிக்கு அரை நொடி. ஆக, கேட்டுக் கால் வைப்பவர் ஐந்தில் ஒரு பங்கு அடி பின்தங்குவார். காதை நம்பினால் பிந்தும், முன்னால் போகிறவரின் காலைப் பார்த்து நடந்தால் பிந்தாது. பேண்டுக்குள்ளேயும் பாஸ் டிரம்மை நடுவில் வைப்பது இதற்காகத்தான். பள்ளியின் நான்கு ஹவுஸ்களும் பேண்டுக்குப் பின்னால் நீளமாக வந்தால், கடைசி ஹவுஸுக்கு விசில் வைத்துக்கொண்டு ஒரு தலைவர் தனியாக வேண்டும்.

தேசிய கீதம் வாசிப்பதற்கு உள்துறை அமைச்சகத்தின் விதிமுறை இருக்கிறது. பேண்ட் வாசிக்கும்போது, கீதம் வருகிறது என்று கூட்டத்துக்கு உணர்த்த வேறு அடையாளம் இல்லையென்றால், முன்னால் டிரம் உருட்டல் வர வேண்டும். மெதுநடையில் ஏழு அடி நேரம். மெல்லத் தொடங்கி, முடிந்த அளவு உரக்க ஏறி, பிறகு பழைய மென்மைக்கே இறங்கி, ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும். அடுத்து ஒரு அடி மௌனம், பின்பு கீதம். முழு கீதத்துக்கு ஏறத்தாழ 52 நொடி. பள்ளிகளில் தவறும் இடம் அந்த ஒரு அடி மௌனம்தான். உருட்டல் முடிந்த வேகத்திலேயே டிரம்பெட் பாய்ந்துவிடும், புல்லாங்குழல் காத்திருக்கும், முதல் சொல்லே இரண்டு முறை கேட்கும். நிருபர் பிள்ளையின் கையில் இருக்கும் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒத்திகையில் 60 நொடி ஆகிறது என்றால் இழுக்கிறார்கள் என்று பொருள். அதைப் பேண்ட் மாஸ்டரிடம் போய்ச் சொல்லலாம். பெரும்பாலும் கோபிக்க மாட்டார்.

பராமரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. பித்தளை என்றதும் நமக்குப் புளி நினைவுக்கு வரும். குத்துவிளக்குக்குப் புளி சரி. டிரம்பெட்டுக்கு வேண்டாம். மேலே மினுமினுக்கும் அரக்குப் பூச்சு பித்தளை அல்ல. புளியாலும் பிராஸோ பாலிஷாலும் அந்தப் பூச்சு திட்டுத் திட்டாகப் போய்விடும், புளிக்கரைசல் வால்வுக்குள் இறங்கினால் இன்னும் கேடு. வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, மாதம் ஒரு முறை. சிக்கிக்கொண்ட மவுத்பீஸைப் பிளையர் போட்டு முறுக்கினால் குழாய் நெளியும். அதைக் கழற்றவே ஒரு கருவி இருக்கிறது, பேண்ட் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். பெரிய நெளிசல், பற்றவைத்த இடம் விட்டது எல்லாவற்றுக்கும் 70 கிலோமீட்டர் தள்ளி மீரட் இருக்கிறது. அங்கே ஜலி கோட்டிப் பக்கம் பேண்ட் கருவிக் கடைகள்தான். டிரம் தோலை இறுக்கும்போது வட்டமாகப் போகாமல் எதிரெதிர்த் திருகாக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று என்று போக வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் வளையம் சாய்ந்து தோல் சீக்கிரம் கிழியும்.

இனி பத்திரிகை மேசை.

இரண்டு ஒத்திகை பார்த்த பிள்ளையின் குறிப்பேட்டில் எத்தனை பேர் வாசித்தார்கள், எந்த வகுப்பு, என்னென்ன மார்ச் எந்த வரிசையில், எவ்வளவு நேரம், யார் புதிதாகச் சேர்ந்தார்கள், எந்தக் கருவி இந்த வருடம் இல்லை என்று ஒரு பக்கம் நிறைந்திருக்கும். அப்போது முதல் வரி தானாக வரும். ‘25 பேரில் 9 பேர் இந்த ஜூலையில்தான் முதல்முறை கருவியைத் தொட்டவர்கள்’ என்ற மாதிரி வரி ஒன்று கிடைத்தால் ‘அனைவரையும் கவர்ந்தது’ என்று எழுதத் தோன்றாது. சிறப்பு விருந்தினரின் பெயரும் பதவியும் கடைசிப் பத்திக்குப் போகட்டும். அதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. தவறு நடந்தால் எழுதலாமா? என்ன நடந்தது என்று எழுதலாம், யார் செய்தார்கள் என்று எழுத வேண்டாம். ‘இரண்டாவது மார்ச்சில் ஒரு டிரம்பெட்டின் வால்வு குளிரில் சிக்கியது, மற்ற நால்வர் அந்தப் பகுதியையும் சேர்த்து வாசித்தார்கள்.’ இது செய்தி. அந்தப் பிள்ளையின் பெயர் செய்தி அல்ல.

தில்லிப் பிள்ளைகளின் தமிழில் ல, ள, ழ தடுமாறுவது எல்லாருக்கும் தெரிந்தது, திருத்தவும் எளிது. கண்ணுக்குத் தப்புவது நாம்-நாங்கள். இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’தான். ‘போட்டியில் நாங்கள் கலந்துகொண்டோம்’ என்று பேண்ட் பிள்ளை பேட்டியில் சொன்னால் சரி. பள்ளிக்குள் மட்டும் போகும் இதழின் தலையங்கம் ‘எங்கள் பள்ளி’ என்றால், படிக்கிற பிள்ளை எந்தப் பள்ளி? ‘நம் பள்ளி’ என்றே எழுத வேண்டும். அடுத்தது பெயர்கள். வடக்கத்திப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘பாட்டியா’வா ‘பாடியா’வா என்ற குழப்பம் ஒரே கட்டுரைக்குள் இரண்டு விதமாக நிற்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியர்கள், பேண்ட் உறுப்பினர்கள் எல்லாருடைய பெயரையும் அவரவர் வாயால் சொல்லக் கேட்டு, தமிழில் எழுதி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை போகும்.

படங்கள் வாட்ஸ்அப்பில் வரும். சாதாரணமாக அனுப்பினால் நீள்பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் ஐந்து அங்குலத்துக்கு மேல் தாங்காது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளையில் போடுவதானால் அடர்சிவப்புச் சீருடை கரியாகிவிடும், முகமும் தொப்பி நிழலில் காணாமல் போகும். அச்சுக்கு முன் படத்தைக் கண்ணுக்கு ‘கொஞ்சம் வெளுப்பு’ என்று தோன்றும் அளவுக்கு வெளிச்சமாக்கினால்தான் தாளில் சரியாக வரும். குச்சி அசைவு நிற்க ஷட்டர் வேகம் 1/500க்குக் குறையக் கூடாது. ஜனவரி மூடுபனியில் அதற்கு வெளிச்சம் போதாது, ஆகவே பனி விலகிய பிறகு ஐந்து நிமிடம் தனியாக நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்ததை விழாப் படம் என்று போடாமல் ‘விழாவுக்குப் பின்’ என்று குறிப்பிட வேண்டும்.

பக்கம். ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். ஒரு புறம் 4-உம் 1-உம், மறுபுறம் 2-உம் 3-உம். எட்டுப் பக்கம் என்றால் 8-1, 2-7, 6-3, 4-5. ஆறு பக்க இதழ் என்று யாராவது சொன்னால் ஒரு தாளை மடித்துக் காட்டுங்கள். ஆங்கில இதழைப் பார்த்துப் பக்கத்தை நெடுக்கில் மூன்று பத்தியாகப் பிரிக்கும் ஆசை வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொல்லுக்குச் சொல் வெள்ளை இடைவெளி ஆறுபோல ஓடும். ஏ4இல் இரண்டு பத்தி, 11 பாயிண்ட் எழுத்து, 15 பாயிண்ட் வரி இடைவெளி, இடது ஓரம் மட்டும் நேராக. வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது.

மென்பொருளில் அடிக்கடி விழும் குழி: பக்கம் அமைக்கும் இன்டிசைனில் தமிழை ஒட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொடி’ சிதறும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று வேறு எழுத்துரு தேடி அலைவார்கள். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழ் வரவே வராது. காசில்லாமல் செய்ய லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போதும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு இலவசம்.

மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் உரக்கப் படிக்க ஒருவர் திருத்த வேண்டும். தலைப்புகளை மட்டும் கடைசியாக ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும். பெரிய எழுத்துப் பிழைதான் எல்லார் கண்ணுக்கும் தப்பும்.

நூறு பிரதிக்குள் என்றால் ஜெராக்ஸ். இருநூறு முந்நூறு என்றால் டூப்ளிகேட்டர். மை உலர நேரம் எடுக்கும், சூட்டோடு சூடாக அடுக்கினால் பின்பக்கத்தில் ஒட்டும், ஒரு இரவு விட்டு மடிக்க வேண்டும். ஐந்நூறுக்கு மேல் போனால் நாராயணா, ஓக்லாப் பக்கம் ஆஃப்செட். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் போதும். பளபளப்புத் தாளில் காசு போடுவதற்குப் பதில் இரண்டு பாட்டில் வால்வு ஆயில் வாங்கலாம். தில்லி அச்சகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று நம்ப முடியாது. 2-ஆம் பக்கமும் 3-ஆம் பக்கமும் இடம் மாறினாலும், ஒரு பக்கம் தலைகீழாக விழுந்தாலும் அங்கே யாருக்கும் உறுத்தாது. எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் கொடுங்கள், பக்க எண்ணை 1, 2, 3 என்று பெரிதாகப் போடுங்கள். அதோடு கையால் மடித்த மாதிரி ஒன்றையும் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இந்தியில் ‘ஊபர்’ (மேல்) என்று எழுதிவிடுங்கள். முதல் பத்துத் தாள் இறங்கும்போது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பொதுச் செய்தியும் அது பற்றிய கருத்தும் தாங்கி முறையாக வெளிவரும் இதழ்களுக்குப் பதிவு உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பள்ளி இதழ் பள்ளிச் செய்தியோடு நின்று, விலை போடாமல், வெளி விளம்பரம் வாங்காமல், ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிட்டு வருவதே பாதுகாப்பு.

தேதி கடைசி விஷயம், ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது. குடியரசு தின இதழ் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். அதற்குமேல் பன்னிரண்டாம் வகுப்பு பள்ளிக்கே வராது, படத்தில் இருக்கும் பாதிப் பேருக்கு இதழ் போய்ச் சேராது. ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியைப் பேண்ட் பிள்ளைகளும் நிருபரும் டிவியிலாவது சேர்ந்து பார்த்தால், டிரம் உருட்டல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்குத் தனி விளக்கம் வேண்டாம். இதழ் வந்ததும் இரண்டு பிரதியைப் பேண்ட் அறை ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டையைத் தவறாக எழுதியிருந்தால் கிளாரினெட்காரர்கள் அன்றே சுழித்து வைப்பார்கள்.